அவர் சொல்லாத வாக்கியம்

குமேடே பாபாவைச் சுட்டது வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, டாக்ஸி ஸ்டாண்டில், வேலைக்குப் போக வரிசையில் நின்ற இருநூறு பேர் கண்ணெதிரில். ஒரு வெள்ளைக் கார் குறுக்கே வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள், பாபா உட்கார்ந்திருந்த வேனைப் பார்த்துச் சுட்டுத் தள்ளினார்கள், ஏறிப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த ஒரு பெண்ணும், அவித்த முட்டை விற்றுக்கொண்டிருந்தவளும் நின்ற இடத்திலேயே செத்தார்கள். எங்கள் டாக்ஸி சங்கத் தலைவர், மரியாதையாக எல்லோரும் பாபா என்று கூப்பிடுகிற அவருக்கு இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே ஒரு குண்டு. பக்கத்தில் இருந்த அவருடைய டிரைவர் துலானிக்குத் தோளில் ஒன்று. கடற்கரை ரூட்டில் டாக்ஸி வேன் ஓட்டுவது எங்கள் சங்கமா, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சங்கமா என்று மூன்று வருடமாகச் சண்டை. அதுவரை முப்பத்தொரு பேர் போயிருந்தார்கள். எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றாலே யாரையாவது புதைக்கிற நாள்தான்.

நான் அதே ஊர் அரசு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். அப்பா வீட்டு வம்சம் ஷேசி என்பதால் எல்லோருக்கும் மாஷேசி. பதினாறு வருடமாக ரத்தம் துடைக்கிறேன். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். இது பாதி நர்ஸுகளுக்குத் தெரியாது. சம்பளம் துடைப்பதற்கு; ஆனால் பாதி நாள் நான் பார்த்தது மொழிபெயர்ப்பு வேலை. வெளியூர் டாக்டர்களுக்கு எங்கள் ஜூலு மொழி வராது, ஆங்கிலம்தான். வார்டில் யார் கைக்கு அகப்படுகிறார்களோ அவர்களைக் கூப்பிட்டு, நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள். அகப்படுவது எப்போதும் நான்தான். அதற்கு ஒரு காசு கிடையாது, இருந்தும் எனக்கு அதில் ஒரு திமிர் உண்டு. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெரிய டாக்டர் பக்கத்தில் போய் நிற்கும்போது என் முதுகு தானாகவே நிமிர்ந்துவிடும்.

பாபா பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஐந்தாவது வாரம் பேச்சு வந்தது, ஆனால் வந்தது பேச்சில்லை. "தண்ணி. நான். கிளாஸ். தண்ணி." இவ்வளவுதான். வியர்த்துக் கொட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், ஒவ்வொரு சொல்லாக இருமித் துப்புவதுபோல வரும். எங்கள் மொழியில் வினைச்சொல்லின் தலையில் செய்தவனின் அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். அவருக்கு அந்த அடையாளம் கண்டபடி மாறும். ஒருமுறை நான், ஒருமுறை அவன், ஒருமுறை அவர்கள், எல்லாம் ஒரே வேலைக்கு. மேடையில் ஒரு மணி நேரம் பேசி நானூறு டிரைவர்களை அடக்கி வைத்த மனுஷன் அவர். அந்த வாயைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் லீஸல். இருபத்து மூன்று வயது, பிரிட்டோரியாவில் படித்து முடித்து, அரசாங்கம் கட்டாயமாகச் செய்யச் சொல்லும் ஒரு வருட வேலைக்கு எங்கள் ஊரில் வந்து விழுந்தவள். ஜூலுவில் நாலு வார்த்தை தெரியும், அந்த நாலும் தப்பாகத் தெரியும். ஆனால் படித்த படிப்பில் ஒரு குறையும் கிடையாது. மூளையில் சொற்கள் இருக்கிற இடம் வேறு, அவற்றை வரிசைப்படுத்தி யார் யாரை என்ன செய்தார் என்று ஆக்குகிற இடம் வேறு, குண்டு கிழித்தது இரண்டாவதை என்று அவள் படம் வரைந்து காட்டினாள். நான் அதை எனக்குப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் பயணிகள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள், ஆனால் அவர்களை வரிசையில் நிறுத்தி இன்ன வண்டியில் ஏறு என்று சொல்கிறவனைச் சுட்டுவிட்டார்கள்.

"மாஷேசி, அவர் எப்படிச் சொல்றாரோ அப்படியே சொல்லுங்க. உடைஞ்சிருந்தா உடைஞ்ச மாதிரியே. எனக்கு அதுதான் வேணும்" என்று முதல் நாளே லீஸல் சொன்னாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் என்னால் முடியவில்லை. கல்யாணமாகிப் போன வீட்டில் மாமனார் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பெயரை மட்டுமில்லை, அந்தப் பெயரின் ஓசை எந்தச் சொல்லில் வந்தாலும் அந்தச் சொல்லையே மாற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடம் அப்படி மாற்றி மாற்றிப் பேசிய நாக்கு இது. பெரிய மனுஷனின் வார்த்தையை நொண்டியாக எடுத்துப் போய் ஒரு சின்னப் பெண் முன்னால் வைப்பது, அவருடைய உடுப்பை உருவி நடுத்தெருவில் நிற்க வைக்கிற மாதிரி. அதனால் அவர் "தண்ணி, நான்" என்றால், "எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் மகளே" என்று நான் சொல்வேன். அவர் "தம்பி, வீடு, மாடு" என்றால், "என் தம்பி வீட்டில் மாடுகளைப் பார்த்துக்கொள்கிறானா?" என்பேன். லீஸல் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதுவாள். அவர் மூன்று சொல்தானே சொன்னார், நீங்கள் ஒன்பது சொல்கிறீர்களே என்று இரண்டு தடவை கேட்டாள். ஜூலுவில் சொற்கள் நீளம் என்று சொல்லி அடக்கிவிட்டேன். பாபா அரை வார்த்தை சொன்னால் முழுக்கப் புரிகிறவள் இந்த வார்டில் நான் ஒருத்திதான் என்று எனக்கு நினைப்பு. அவருடைய குறிப்பேட்டில் அவள் கடைசியில் எழுதினாள்: வாக்கியமாகப் பேசுகிறார், கேட்பதைப் புரிந்துகொள்கிறார்.

அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தவன் பாபாவின் தம்பி பேக்கானி. அண்ணன் சுடப்பட்ட நாளிலிருந்து சங்கம் அவன் கையில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு வீட்டை எரித்துவிட்டு, அப்போதும் ஆத்திரம் அடங்காமல் திரிந்தான். தலைவர் எந்த வேனில் எப்போது உட்காருவார் என்று உள்ளிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது அவன் கணக்கு. தலைவர் மண்டையில் குண்டு, பக்கத்தில் இருந்தவனுக்குத் தோளில் ஒரு கீறல், இது எப்படி என்று ஸ்டாண்டில் எல்லோருமே முணுமுணுத்தார்கள். சுடும்போது எல்லோரும் தரையில் படுத்துவிட்டதால் வேனுக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

அந்தத் துலானியோ தினமும் மதியம் ஆஸ்பத்திரிக்கு வருவான். இருபத்தெட்டு வயது இருக்கும், மெலிந்தவன், கட்டுப்போட்ட தோள். உதிர்த்த சோளக்களியும் புளித்த பாலும் கொண்டுவந்து பாபாவுக்கு ஊட்டுவான், முகம் மழித்துவிடுவான். "அம்மா, இன்னிக்கு பாபா என்னைத் திட்டினாரா?" என்று என்னிடம் கேட்பான். திட்டினார் என்றால் சந்தோஷமாகச் சிரிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பேக்கானி இரண்டு ஆட்களுடன் வந்தான். நர்ஸை வெளியே அனுப்பினான். என்னை இருக்கச் சொன்னான்.

"மாஷேசி, அண்ணன் பேசுறது உனக்குத்தான் நல்லா புரியுமாமே. நான் கேக்குறேன். அவர் சொல்றத நீ சொல்லு."

சுட்டது யார் என்று கேட்டான். பாபா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியது. எதையோ சொல்லியே தீர வேண்டும் என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தார்.

"வண்டி. துலானி. சுடு. நான். மேல. துலானி. துப்பாக்கி, நான். துலானி."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பேக்கானியின் ஜாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பயத்தினால் சொன்னேன் என்று சொன்னால் பாவம் கொஞ்சம் குறையும், ஆனால் அது பொய். எனக்குப் பயமே வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னதில் 'மேல' என்ற ஒரு சொல் எதிலும் பொருந்தவில்லை. அதை விட்டுவிட்டேன்.

"வண்டிக்குள்ள துலானிதான் என்னைத் துப்பாக்கியால சுட்டான்னு சொல்றார்" என்றேன்.

பேக்கானி அண்ணனிடம் குனிந்து, "துலானியா உன்னைச் சுட்டான்?" என்று கேட்டான். பாபா வேகமாகத் தலையாட்டினார். ஆமா, ஆமா என்றார். துலானி என்ற பெயர் வந்துவிட்டது, சுட்டது என்ற சொல் வந்துவிட்டது, கடைசியில் தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்ற ஆறுதல் அவர் முகத்தில். எனக்கு அது கையெழுத்து போட்ட மாதிரி இருந்தது.

அவர்கள் கீழே இறங்கிப் போன பத்தாவது நிமிடம் துலானி சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நுழைந்தான். இரண்டாவது மாடி ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். கார் நிறுத்துகிற இடத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே போனான். முதல் அடி கட்டுப்போட்ட தோளில் விழுந்தது. அவன் மண்டியிட்டு எதையோ சொல்ல வாயைத் திறந்தான், கார் ஜாக்கியைத் திருகுகிற இரும்புக் கம்பியால் அந்த வாயிலேயே அடித்தார்கள். விரல்களை ஒவ்வொன்றாக மிதித்தார்கள். காவலாளி தன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மருந்து வாங்க வரிசையில் நின்ற பொம்பளைகள் பிள்ளைகளின் முகத்தைத் தங்கள் வயிற்றோடு அமுக்கிக்கொண்டார்கள். அவன் தவழ்ந்து ஒரு ஆம்புலன்ஸுக்கு அடியில் புகப் பார்த்தான். காலைப் பிடித்து இழுத்தார்கள். பேக்கானி குனிந்து மூன்று தடவை சுட்டான். தார் மேல் பாலும் ரத்தமும் சேர்ந்து ஓடியது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. இவனுக்கு இது வேண்டும் என்று தோன்றியது. ஊட்டிவிட்ட கையாலேயே சுட்டிருக்கிறானே, இரட்டை வேடக்காரன் என்று தோன்றியது. போலீஸ் வந்து கேட்டபோது நான் எதையும் பார்க்கவில்லை என்று எல்லோரையும் போல நானும் சொன்னேன். பிறகு போய் அந்தத் தாரைக் கழுவினேன். பச்சைத் தண்ணீரில்தான்.

மறுநாள் லீஸல் வேறு வார்டிலிருந்து ஒரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த நர்ஸ் பாபாவோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, இவர் வாக்கியமே பேசவில்லையே, உன் குறிப்பேட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று அவளைக் கேட்டிருக்கிறாள். அதனால் லீஸல் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க முடிவு செய்தாள். நான் மாப்போடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

இரண்டு இரண்டாகப் படங்களை வைத்தாள். நர்ஸ் ஒரு வாக்கியம் சொல்ல, பாபா சரியான படத்தைத் தொட வேண்டும். மனிதன் டீ குடிக்கிறான்: தொட்டார். பெண் துணி துவைக்கிறாள்: தொட்டார். எல்லாம் சரி. பிறகு இரண்டு படம் வைத்தாள். ஒன்றில் போலீஸ்காரன் திருடனை அடிக்கிறான், இன்னொன்றில் திருடன் போலீஸ்காரனை அடிக்கிறான். நர்ஸ் சொன்னாள். பாபாவின் விரல் அங்கும் இங்கும் அலைந்து ஒன்றில் விழுந்தது. தப்பு. அடுத்தது சரி. அடுத்தது தப்பு, அதற்கடுத்ததும் தப்பு. இப்படி இருபது ஜோடி. காசு சுண்டிப் பார்த்து விரலை வைத்த மாதிரி பாதிக்குப் பாதி.

லீஸல் என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"டீ மனுஷனைக் குடிக்காது, மாஷேசி. அதனால அது அவருக்குத் தெரியுது. ஆனா ரெண்டு மனுஷங்க இருந்தா, யார் அடிச்சா, யார் அடிபட்டான்னு வாக்கியத்துலேருந்து அவரால எடுக்க முடியாது. சொல்லவும் முடியாது, கேட்டுப் புரிஞ்சுக்கவும் முடியாது. ரெண்டு பேரு, ஒரு அடி. அவ்வளவுதான் உள்ள போகும்."

நான் மாப்பைக் கீழே போட்டேன்.

ஒன்பது நாள் கழித்து ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த பெட்ரோல் பங்கின் கேமராப் படம் போலீஸுக்கு வந்தது. வந்த வேகத்தில் ஊர் முழுக்க எல்லோர் போனிலும் ஓடியது. வெள்ளைக் கார் நிற்கிறது. ஒருவனும் இன்னும் இறங்கவில்லை, அதற்குள் துலானி பாபாவின் கழுத்தைப் பிடித்து இருக்கைக்குக் கீழே அமுக்குகிறான். அமுக்கி, அவர் மேல் படுத்துக்கொள்கிறான். தோளில் குண்டு பாய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பாபாவின் இடுப்பிலிருந்து அவருடைய துப்பாக்கியை உருவி ஜன்னல் வழியாகச் சுடுகிறான். அதனால்தான் அவர்கள் ஓடினார்கள். 'மேல' என்று பாபா சொன்னது அதைத்தான். பொருந்தவில்லை என்று நான் எறிந்த சொல் அது.

பேக்கானியும் பார்த்திருப்பான். ஆனால் படத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம், அண்ணன் தன் வாயால் சொன்னார், நான் காதால் கேட்டேன் என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு வேறு வழியில்லை.

பாபாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மதியமானால் கதவைப் பார்ப்பார். "துலானி?" என்பார். நர்ஸ் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார். பன்னிரண்டாவது நாள் என்னால் முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பாபா, துலானி இனிமே வரமாட்டான். துலானியைக் கொன்னது பேக்கானி."

அவர் தலையைத் தூக்கினார். "பேக்கானி" என்றார். பிறகு அலறினார். நல்ல கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "பேக்கானி, பேக்கானி" என்று மாட்டைப் போல அடிவயிற்றிலிருந்து கத்தினார். கொன்ற தம்பியின் பெயரைச் சொல்லிச் சபிக்கிறார் என்று நான் நினைத்தேன். நானும் கூடச் சேர்ந்து அழுதேன். சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு கொஞ்சம் லேசானது என்பது கூட உண்மை.

அந்த நேரம் பார்த்துப் பேக்கானி கதவைத் திறந்துகொண்டு வந்தான், கையில் ஆரஞ்சுப் பழப் பை.

பாபா அவனைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கையை நீட்டி அவனை இழுத்து அணைத்தார். முகத்தைத் தடவினார், மார்பைத் தடவினார், எங்கே காயம் என்று தேடினார். முத்தமிட்டார். பிறகு, "துலானி. நாய். துலானி" என்று தரையில் காறித் துப்பினார்.

பெயர் இரண்டு, சாவு ஒன்று. அவர் எடுத்துக்கொண்டது தலைகீழாக. துலானி தன் தம்பியைக் கொன்றுவிட்டான் என்று இவ்வளவு நேரம் அழுதிருக்கிறார்.

பேக்கானி என்னைப் பார்த்தான். "பாத்தியா மாஷேசி. அண்ணன் வாயிலேருந்தே வருது."

தன் உடம்பால் அவரை மூடியவன் மேல் அவரே துப்பிவிட்டார். நான் செய்ததை எல்லாம் தாங்கிக்கொண்டு எங்கேயாவது கிடந்திருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

வாக்கியத்தால் அவரிடம் போக முடியாது. எழுந்து நின்றேன். "துலானி" என்று மட்டும் சொன்னேன், என் தோளைத் தொட்டுக் காட்டினேன். கையில் தூக்கு இருப்பது போல நடந்து வந்தேன். "பேக்கானி" என்று அவன் மார்பைத் தொட்டேன். அவன் நின்ற இடத்தில் நின்று கம்பியால் அடிப்பது போல அடித்தேன். ஓடிப்போய்த் துலானியாகத் தரையில் விழுந்தேன், கட்டிலுக்கடியில் தவழ்ந்தேன். திரும்ப எழுந்து பேக்கானியாகக் குனிந்து விரலால் மூன்று தடவை சுட்டேன். பிறகு துலானி கிடந்த மாதிரி வாயைத் திறந்து கிடந்தேன்.

"என்னடி கூத்து இது, எந்திரி" என்று பேக்கானி என் விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பாபா பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கிடப்பவளையும் உதைக்கிறவனையும் பார்க்க அவருக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

தம்பியின் காலரைப் பிடித்துக் கிட்டே இழுத்துக் கண்ணைப் பார்த்தார். பேக்கானி கண்ணைத் தாழ்த்தினான். "போ" என்றார் பாபா. அவன் என்னவோ சொல்லத் தொடங்கினான். "போ. போ." பழப்பையை வைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கண்ணில் நான் நல்லவளாகவே இருந்திருப்பேன். ஆனால் என் வாயைத் தொட்டுக் காட்டினேன். "துலானி" என்றேன், விரலைத் துப்பாக்கியாக்கினேன், மறுபடி என் வாயைத் தொட்டேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் இடது கையை முஷ்டியாக்கி என் வாயில் குத்தினார். நான் விலகவில்லை. இன்னொரு தடவை குத்தினார். முன் பற்கள் இரண்டு உள்ளே போயின. தம்பியைப் போகச் சொன்னவர் என்னைத்தான் அடித்தார். அவர் செய்தது சரி.

வாயில் துணியை வைத்து அமுக்கிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். கான்ஸ்டபிள் எங்கள் பக்கத்துப் பையன். ஜூலுவில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவான். அவர்கள் பெயரைச் சொன்னால் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்க மாட்டீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். எழுது என்றேன். ஒரு மணி நேரம் சொன்னேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டினான். பேக்கானியின் பெயர் இருந்தது, கூட வந்த இரண்டு பேர், கம்பி, ஆம்புலன்ஸ், மூன்று குண்டு, எல்லாம் இருந்தது. "ஒரு தவறான தகவலின் பேரில்" என்று ஒரு இடத்தில் வந்தது. என்னைக் காணோம்.

"நீங்க சொன்னதைத்தான்மா கொஞ்சம் ஒழுங்கு பண்ணி எழுதியிருக்கேன். உங்களுக்கு நல்லதுதானே."

"கிழி" என்றேன். பேசும்போது ரத்தம் மேஜை மேல் தெறித்தது. "பேக்கானி கேட்டான். நான் சொன்னேன். பேக்கானி துலானியைக் கொன்னான். இப்படியே எழுது."

அவன் என் வாயைப் பார்த்தான், எழுதிய தாளைக் கிழித்தான். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்தான்.